தையலுக்கு ஒரு தையல்

செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புக் காரை இல்லாமல் ஒரு கோயில் எழுப்ப முடியுமா? முடியும் என்று காட்டியவன் மகேந்திரவர்ம பல்லவன். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பாறையைக் குடைந்து, பிரம்மா, சிவன், திருமால் மூவருக்குமாக அவன் ஒரு கோயில் அமைத்தான். அந்த நான்கு பொருள்களும் இல்லாமலே இதைச் செய்தேன் என்று கல்வெட்டிலும் பெருமையோடு பொறித்து வைத்தான். விசித்திரசித்தன் என்பது அவனுடைய பட்டப் பெயர். பொருத்தமான பெயர்தான்!

ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகியும் அந்தக் குகைக் கோயில் அப்படியே நிற்கிறது. அதில் ஒட்டுப் போட்ட இடமே கிடையாது. ஒட்டு இருந்தால்தானே விட்டுப் போகும்?

நம் தேகத்தைப் போர்த்தியிருக்கும் தோலும் அப்படித்தான். உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே போர்வை. எங்கும் தையல் இல்லை. கத்தியால் கீறித் திரும்பச் சேர்க்கும்போதுதான் அதில் ஓர் ஒட்டு உண்டாகிறது. பாறையில் உளி தவறினால் தவறியதுதான். தோலுக்கு மட்டும் ஒரு வரம் உண்டு: தானாகவே ஆறிக் கொள்ளும். ஆனால் சகோதரிகளே, எல்லா வரங்களையும் போல இந்த வரத்துக்கும் சில நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றை அறியாமல் ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுத்துவிட்டுப் பிறகு மாதக் கணக்கில் கண்ணீர் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

யாருக்கு இந்த ஆபரேஷன்?

இரண்டு, மூன்று குழந்தைகள் பெற்றெடுத்த பிறகு வயிறு தொய்ந்து போகிறது. அடிவயிற்றுத் தோல் மடிப்பு விழுந்து தொங்குகிறது. வெயில் காலத்தில் அந்த மடிப்புக்குள் வேர்த்து, அரித்து, புண்ணாகிறது. "இன்னும் எத்தனை மாதம்?" என்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மாள் அன்போடு விசாரிக்கிறாள்! கேட்டவளுக்கு அது குசலம். கேட்கப்பட்டவளுக்கோ அன்று இரவு சாப்பாடு இறங்குவதில்லை.

இந்தத் தொங்கும் தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுத்து, பிரிந்து நிற்கும் வயிற்றுத் தசைகளை இழுத்துத் தைக்கும் ஆபரேஷனுக்கு 'அப்டாமினோபிளாஸ்டி' என்று பெயர். 'டம்மி டக்' என்றால் இப்போது நம் ஊர்களிலும் தெரிகிறது. இது நேற்று முளைத்த சமாசாரம் அல்ல. 1899-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்து டாக்டர் ஹவர்டு கெல்லி ஒரு பெண்மணியின் வயிற்றிலிருந்து ஏறக்குறைய ஏழரைக் கிலோ எடையுள்ள தோலையும் கொழுப்பையும் அகற்றியிருக்கிறார். அழகுக்காக அல்ல, அந்த அம்மாள் நடமாட முடிய வேண்டும் என்பதற்காக!

இன்றும் இது சினிமா நட்சத்திரங்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம். சிசேரியன் ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றுச் சுவர் பலவீனப்பட்டுக் குடல் இறக்கம் வந்தவர்களுக்கு, அதைச் சரி செய்யும்போதே தொங்கும் தோலையும் அகற்றுவது உண்டு. உடல் எடையைப் பெருமளவு குறைத்தவர்களுக்கும் வெறும் பையாகத் தொங்கும் தோலை எடுக்க வேண்டி வருகிறது. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 2018-ல் ஏழைப் பெண்களுக்கு இலவச மார்பகச் சீரமைப்புச் சிகிச்சை தொடங்கியபோது, அதைப் பாராட்டியவர்களும் உண்டு. கேலி செய்தவர்களும் உண்டு. சரீரத்தைப் பற்றிய சங்கடம் பணக்காரர்களுக்கு மட்டுமா சொந்தம்?

ஆகவே, ஆபரேஷன் செய்து கொள்ளலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. செய்து கொண்டால் புண் எப்படி ஆறும், ஏன் சில சமயம் ஆறுவதில்லை என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு மூக்கின் கதை

'பிளாஸ்டிக் சர்ஜரி' என்றதும் பிளாஸ்டிக்கை உள்ளே வைத்துத் தைத்து விடுவார்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படியல்ல. உருவம் கொடுப்பது, வனைவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் அது. இந்த வித்தைக்கு நம் தேசத்தில் வயது அதிகம். அறுந்த மூக்கைத் திரும்ப வைக்கும் முறையைச் சுஸ்ருதர் என்றோ எழுதி வைத்தார்.

1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வந்தது. ஆங்கிலேயப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கை இழந்தார். பிறகு புனாவுக்கு அருகே ஒரு நாட்டு வைத்தியர் அவருடைய நெற்றித் தோலையே கீறித் திருப்பி மூக்காகப் பொருத்தினார். வெள்ளைக்கார டாக்டர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள்!

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த வைத்தியர் நெற்றித் தோலை முழுக்க அறுத்து எடுத்துவிடவில்லை. புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை விட்டு வைத்தார். அந்தக் காம்பு வழியாக ரத்தம் ஓடியது. அதனால் தோல் உயிரோடு இருந்தது. காம்பு போனால் பூ வாடும். தோலைத் தூக்கி இடம் மாற்றும் எந்த ஆபரேஷனுக்கும் இதுதான் முதல் பாடம்.

கடைமடை வயல்

இப்போது வயிற்றுக்கு வருவோம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஏரிப் பாசனம் புதிதல்ல. மதகுக்குப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் முதலில் பாயும். கடைமடை வயலுக்குக் கடைசியில்தான் வரும். வாய்க்காலில் எங்கே அடைப்பு ஏற்பட்டாலும் முதலில் காய்வது கடைமடைதான்.

வயிற்றுத் தோலுக்கு மூன்று பக்கங்களிலிருந்து ரத்த வாய்க்கால்கள் வருகின்றன. நடு வயிற்றில் தசைகளை ஊடுருவிக் கொண்டு சில. அடிவயிற்றில் தொடை இடுக்கிலிருந்து மேலேறிச் சில. இரண்டு விலாப் பக்கங்களிலிருந்தும் சில. டாக்டர் அடிவயிற்றில் இடுப்புக்கு இடுப்பு நீளமாகக் கீறி, தோலை விலா எலும்பு வரை தூக்கும்போது, முதல் இரண்டு வாய்க்கால்களில் பெரும்பகுதி வெட்டுப்பட்டுப் போகிறது. பிறகு அந்தத் தோல் முழுவதும் பிழைத்திருப்பது பக்கவாட்டு வாய்க்கால்களின் தயவில்தான்.

இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிற ரத்தத்துக்கு மிகவும் தூரத்தில் இருக்கும் இடம் எது? தையலின் நடு மத்தி. தொப்புளுக்குக் கீழே உள்ள பகுதி. அதுதான் கடைமடை. புண் ஆறாமல் தொல்லை கொடுப்பதும், தோல் கறுத்துச் செத்துப் போவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இனி, வாய்க்காலை அடைப்பவை எவை என்று பாருங்கள்.

முதல் எதிரி புகையிலை. அதிலுள்ள நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. "நான் சிகரெட் பிடிப்பேனா? என்ன பேச்சு இது!" என்று கோபிக்காதீர்கள். வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டு புகையிலையை அடக்கிக் கொள்ளும் பழக்கம் உண்டா? அதிலும் நிகோடின்தான். வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து பீடி பிடிக்கிறாரா? அந்தப் புகையும் உங்களுக்கு ஆகாது. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரங்களாவது புகையிலை வாடையே கூடாது.

இரண்டாவது, சர்க்கரை வியாதி. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, நுண்ணிய ரத்தக் குழாய்களையும் கெடுக்கும். கிருமிகளை எதிர்க்கும் சக்தியையும் குறைக்கும்.

மூன்றாவது, பழைய தழும்பு. பித்தப்பைக் கல்லுக்காக விலாவுக்குக் கீழே குறுக்கே கீறி ஆபரேஷன் செய்திருந்தால், அந்தத் தழும்பு வாய்க்காலின் குறுக்கே போட்ட வரப்பு மாதிரி. அதற்குக் கீழேயுள்ள தோலுக்கு ரத்தம் வருவது கஷ்டம். எனவே பழைய ஆபரேஷன் எதையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

நான்காவது, அதிக உடல் எடை. இந்த ஆபரேஷன் எடையைக் குறைப்பதற்காக ஏற்பட்டதல்ல. முதலில் எடையைக் குறைத்து, அது சில மாதம் ஏறாமல் நின்ற பிறகே செய்து கொள்ள வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதுவரை பொறுப்பதே நலம்.

ரவிக்கை சொல்லும் பாடம்

அளவுக்கு மீறி இறுக்கித் தைத்த ரவிக்கை எங்கே கிழியும்? தையல் ஓரத்தில்! வயிற்றுத் தோலும் அப்படியே. அதிகமாக இழுத்துத் தைத்தால் அழுத்தத்தால் ரத்த ஓட்டம் குறைகிறது. ஓரங்கள் விட்டுப் போகின்றன. "டாக்டர், இன்னும் கொஞ்சம் இறுக்கமாக..." என்று கேட்கும் சகோதரிகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆபரேஷன் ஆன முதல் ஒன்றிரண்டு வாரங்கள் சற்றே முன்னால் குனிந்துதான் நடக்கச் சொல்வார்கள். படுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் கொள்ளச் சொல்வார்கள். தையலின் மேல் இழுப்பு விழக்கூடாது என்பதே காரணம். "கூன் விழுந்த கிழவி மாதிரி நடக்கிறாயே, நிமிர்ந்து நட" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக் கொள்ளாதீர்கள். தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், கைக்குழந்தை எதையும் ஆறு வாரம் தூக்காதீர்கள்.

மூன்று வாரத்தில் புண் மேலே மூடிக் கொண்டாலும், அந்த இடத்தின் வலிமை பழைய தோலில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று மாதத்தில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு வரும். முழு வலிமை ஒருநாளும் திரும்புவதில்லை. தழும்பு மங்கி அடங்க ஒரு வருஷமாவது ஆகும். "மேலே ஆறிவிட்டதே!" என்று ஏமாந்து வேலையில் இறங்குவதுதான் பல வீடுகளில் நடக்கிற தவறு.

என்னென்ன நேரலாம்?

அடிக்கடி நேருவது நீர் கோத்தல். தூக்கிய தோலுக்கும் தசைக்கும் நடுவே தெளிந்த நீர் சேரும். கையால் தட்டினால் தண்ணீர்ப் பை மாதிரி அலை அடிக்கும். இதற்காகத்தான் உள்ளே ரப்பர்க் குழாய் வைத்து நீரை வெளியே வடிய விடுகிறார்கள். வயிற்றுக்கு இறுக்கமான பட்டையும் போடச் சொல்கிறார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு நம் பாட்டிமார் பழைய புடைவையை மடித்து வயிற்றைக் கட்டினார்களே, அதற்கு ஒன்று விட்ட தங்கை இது! குழாய் எடுத்த பிறகும் நீர் சேர்ந்தால் டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். வீட்டில் யாரும் அழுத்திப் பிதுக்கக் கூடாது.

அடுத்தது, தையல் விட்டுப் போதல். சிறிய இடமாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. தினமும் சுத்தமாகக் கட்டுப் போட்டு வந்தால் அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து மூடிக் கொள்ளும். வாரங்கள் ஆகலாம், சில சமயம் மாதங்களும் ஆகலாம். பொறுமை வேண்டும்.

மூன்றாவது, தோல் செத்துப் போதல். முதலில் நாவல் பழ நிறம் படரும், கொப்புளம் வரலாம், பிறகு கறுத்துக் காய்ந்து தோல் செருப்பு மாதிரி ஆகும். செத்த பகுதியை டாக்டர் அகற்றிய பிறகே புண் ஆறத் தொடங்கும். பெரிய புண்ணானால் காற்றை உறிஞ்சும் கருவியோடு கட்டுப் போடுவதும் உண்டு. தழும்பைச் சீர் செய்வதெல்லாம் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குப் பிறகுதான்.

கடைசியாக, தழும்பு தடித்தல். நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்கும் கறுப்பு நிறத்தவர்களுக்கும் இது அதிகம். காது குத்தின இடத்திலோ, அம்மைத் தடுப்பு ஊசி போட்ட இடத்திலோ உங்களுக்குத் தழும்பு புடைத்து வளர்ந்திருக்கிறதா? முன்கூட்டியே சொல்லி விடுங்கள். சிலிக்கான் பட்டை, தழும்பிலேயே போடும் ஊசி என்று சிகிச்சைகள் உண்டு.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. அடிவயிற்றுத் தோலில் மாதக் கணக்கில் உணர்ச்சி மரத்துப் போயிருக்கும். வலிக்கிறது என்று வெந்நீர்ப் பையோ, சுடுதுணி ஒத்தடமோ வைத்தால், சுடுவதே தெரியாமல் தோல் வெந்து விடும். ஒத்தடம் கொடுக்கும் நம் அன்பான கைகளுக்கு இங்கே வேலை இல்லை!

பத்தியம் என்னும் பகை

ஆபரேஷன் ஆனவளுக்குப் பருப்புப் போட்டால் சீழ் பிடிக்கும், முட்டை ஆகாது, மீன் ஆகாது, ரசம் சாதமும் சுட்ட அப்பளமும்தான் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு சட்டம் இருக்கிறது. அன்பினால் ஏற்பட்ட சட்டம்தான். ஆனால் புண்ணுக்கு இது பகை. புதுத் தோலை உடம்பு எதைக் கொண்டு நெய்யும்? புரதத்தைக் கொண்டுதான்! பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றில் உங்கள் வழக்கத்துக்கு ஏற்றதை நிறையச் சாப்பிடுங்கள். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, கீரை இவையும் வேண்டும். ரத்த சோகை இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சரி செய்து கொள்ள வேண்டும். சீழ் பிடிப்பது கிருமியால். துவரம் பருப்பால் அல்ல.

மஞ்சள் விஷயத்தையும் சொல்லி விடுகிறேன். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்து விட்டார்கள். நம் பாட்டிமார் வித்தைக்கு அவர்கள் உரிமையா? நம் நாட்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களை ஆதாரம் காட்டி வழக்காடி, 1997-ல் அதை ரத்துச் செய்ய வைத்தது. பெருமைப்பட வேண்டிய வெற்றி! ஆனால் அதற்காக அஞ்சறைப் பெட்டி மஞ்சள் தூளை ஆபரேஷன் புண்ணில் அப்பி விடக் கூடாது. அந்தத் தூள் கிருமி நீக்கியதல்ல. மஞ்சளை சாம்பாரில் போடுங்கள். புண்ணுக்கு டாக்டர் சொன்ன மருந்தைப் போடுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

ஒரு தாயைக் கற்பனை செய்து பாருங்கள். மண்டகப்பட்டு மாதிரி ஒரு கிராமம். ஊரார் கேலி செய்வார்களே என்று யாரிடமும் சொல்லாமல், சேர்த்து வைத்த பணத்தோடு சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்து கொண்டு, சில நாளில் திரும்பி விடுகிறாள். பத்தாம் நாள் கட்டில் ஈரம், துர்நாற்றம். சொன்னால் மாமியார் என்ன சொல்வாள்? "தேவையா இது உனக்கு?" என்று கணவன் கேட்பானே? நாளைக்குச் சரியாகிவிடும் என்று இரண்டு நாள், மூன்று நாள் தள்ளுகிறாள். புண்ணைக் காட்டிலும் இந்த வெட்கம்தான் ஆபத்தானது. முதல் நாளே பார்த்தால் ஒரு கட்டோடும் சில மாத்திரைகளோடும் போவது, தள்ளிப் போட்டால் உயிருக்கே வந்து நிற்கலாம்.

100.4 டிகிரிக்கு மேல் ஜுரம், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, துர்நாற்றம், சீழ், ஒரு பக்கம் திடீரென்று வீக்கம், தோலில் கருநீலம், தையல் திறந்து கொள்ளுதல் - இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சென்னை டாக்டரிடம் போக முடியாவிட்டால் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. எங்கே ஆபரேஷன் செய்தீர்கள் என்பதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், அல்லது திடீரென்று மூச்சு முட்டலும் நெஞ்சு வலியும் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இந்த ஆபரேஷனின் மிகப் பெரிய ஆபத்து அதுதான். அதைத் தடுக்கத்தான், குனிந்தாவது முதல் நாளிலிருந்தே மெல்ல நடக்கச் சொல்கிறார்கள்.

கையெழுத்துப் போடுமுன்

2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஓர் இளம் மருத்துவ மாணவர் உயிரிழந்தார். டாக்டருக்குப் படித்தவரே போன இடம், அப்படிப்பட்ட சிகிச்சைக்கு அனுமதி பெறாத ஒரு நிலையம் என்று பிறகுதான் தெரிந்தது. விளம்பரப் பலகையின் வெளிச்சத்தைப் பார்த்து உடம்பை ஒப்படைக்கலாமா? டாக்டர் எம்.சி.எச். அல்லது அதற்குச் சமமான பிளாஸ்டிக் சர்ஜரி பட்டம் பெற்றவரா, தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, மயக்க மருந்து கொடுப்பவர் யார், ஊர் திரும்பிய பின் புண்ணை யார் பார்ப்பார்கள், சிக்கல் வந்தால் கூடுதல் செலவு யாருடையது என்றெல்லாம் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரே நல்ல டாக்டர். சிரித்து மழுப்புகிறவரிடமிருந்து கும்பிடு போட்டு விட்டு எழுந்து வந்து விடுங்கள்.

முடிந்தால், வீட்டில் ஒருவரிடமாவது முன்பே சொல்லி விடுங்கள். கணவரோ, தாயாரோ, நாத்தனாரோ, யாராவது ஒருவர். தினமும் கட்டு மாற்றும்போது உங்கள் கண்ணுக்கு எட்டாத மடிப்பை அவர்களுடைய கண் பார்க்கும்.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கங்களை நீங்களும் ரகசியமாகப் படிப்பது தெரியும்! உங்கள் குழந்தைகளைச் சுமந்துதான் அந்த வயிறு தொய்ந்தது. அவள் ஆபரேஷன் வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, கேலி செய்யாதீர்கள். செய்து கொண்டாளானால், ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத மருந்து அது!